காலி மூலைக்குக் கிராப் ஆப்பிளா, சேம்பா?

தோட்டத்தில் ஒரு மூலை காலியாக இருக்கிறது, கிராப் ஆப்பிள் (பூவுக்காக வளர்க்கும், சின்னப் புளிப்புக் காய் காய்க்கும் ஆப்பிள் இன மரம்) வைக்கலாமா சேம்பு வைக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். மரத்தையும் கிழங்கையும் ஒரே தராசில் நிறுத்துகிற கேள்வி. ஆனாலும் இரண்டையும் பல பருவம் வளர்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். இரண்டுக்குமே வினை தண்ணீரில்தான், அதிலும் இலைமேல் தங்குகிற தண்ணீரில்.

குளிர்க் கணக்கை முதலில் முடித்துவிடலாம். கிராப் ஆப்பிளில் பெரும்பாலான ரகங்கள் ஒழுங்காகப் பூக்க, 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 500 முதல் 1,000 மணி நேரம் வரை உறங்க வேண்டும். அந்த உறக்கம் கிடைக்காத ஊரில் மரம் சாகாது, பூக்காமல் வெறுமனே நிற்கும். சேம்பு நேர் எதிர். 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், ஓர் உறைபனி இரவிலேயே இலை கறுத்துச் சரிந்துவிடும். குளிர்காலம் கடுமையாகவும் கோடை நீளமாகவும் இருக்கிற இடத்தில்தான் இந்தக் கேள்விக்கே அர்த்தம் உண்டு. அங்கே சேம்பை ஒரு பருவப் பயிராகப் போட்டு, பனி விழுமுன் தோண்டிவிட வேண்டும்.

கிராப் ஆப்பிள் நடுவதில் பெரிய வித்தை இல்லை. நாளுக்கு 6 மணி நேர நேர்வெயில், வடிகால் உள்ள மண், 6 முதல் 6.5 வரை கார அமில நிலை. ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே 5 சென்டிமீட்டராவது தெரியட்டும். புதைத்துவிட்டால் மேலே ஒட்டிய ரகமும் வேர்விட்டு, வேர்ச்செடி (ஒட்டுக்கு அடியில் வேராக இருக்கும் செடி) தந்த குட்டைத்தன்மை போய்விடும். அடியிலிருந்து கிளம்பும் வேர்க்கன்றை மண்ணைத் தோண்டி, முளைத்த இடத்திலேயே பிய்த்து எடுங்கள். மேலோடு வெட்டினால் ஒன்றுக்கு நாலாகத் திரும்பி வரும். கவாத்து குளிர்காலக் கடைசியில், மொட்டு விரியுமுன். கோடை நடுவில் கத்தியை எடுத்தால் அடுத்த ஆண்டுப் பூமொட்டுகளும் சேர்ந்தே போகும்.

இதுவரை மரியாதையாகப் பேசியாயிற்று. இனி கிராப் ஆப்பிளைப் பிடிக்கும் சொறி நோய்.

கோடை பாதி கடக்கும்போது இலையில் பாசி நிறப் புள்ளி விழும், ஓரம் சிறகுபோலப் பிசிறி இருக்கும். இரண்டு வாரத்தில் புள்ளியைச் சுற்றி மஞ்சளாகும், அப்புறம் கொத்துக் கொத்தாக உதிரும். இலையுதிர் காலம் வருமுன்பே பாதி மரம் மொட்டை. சாகாது, அதுதான் எரிச்சல். செத்தால் வெட்டிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். இது ஒவ்வோர் ஆண்டும் தேர்போல அலங்கரித்துக்கொண்டு வந்து, பூ முடிந்த கொஞ்ச நாளில் பரதேசிக் கோலத்தில் நிற்கும்.

இந்த நோயைத் தரும் பூஞ்சை குளிர்காலத்தைக் கழிப்பது உதிர்ந்த இலையில். மொட்டு பச்சை காட்டும் நேரத்தில் மழை பெய்தால் வித்துகள் கிளம்பும். 17 முதல் 24 டிகிரி வெப்பத்தில் இலை ஒன்பது மணி நேரம்போல ஈரமாக இருந்தால் போதும், தொற்றிக்கொள்ளும். புள்ளியைப் பார்த்த பிறகு மருந்து தேடி ஓடுவதில் பயனில்லை. அடிக்கிறதானால் மொட்டு பச்சை காட்டும்போதே தொடங்கி, இதழ் கொட்டி இரண்டொரு வாரம் வரை விடாமல் அடிக்க வேண்டும். அதைவிட, உதிர்ந்த இலையை ஒன்று விடாமல் வாரி அப்புறப்படுத்துவதும், கிளை நடுவே காற்றுப் போகக் கவாத்து செய்வதும் மேல். ‘ஹோபா’, ‘ரேடியன்ட்’ ரகங்கள் பக்கம் போகவே வேண்டாம். ‘ப்ரெய்ரிஃபயர்’ நன்றாகத் தாங்கும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாப்பிடுகிற ஆப்பிள் ரகங்கள் பலவற்றுக்குச் சொறி தாங்கும் மரபணுவைக் கொடுத்ததே ‘மேலஸ் ஃப்ளோரிபண்டா 821’ என்ற ஒரு கிராப் ஆப்பிள்தான். ஊருக்கெல்லாம் தானம் செய்த வம்சம்!

தீக்கருகல் வந்தால் கதை வேறு. இளங்கிளை நுனி கொக்கிபோல வளைந்து, தீயில் வாட்டியதுபோல் கறுக்கும். கருகல் தெரியும் இடத்துக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் கீழே, காய்ந்த வானிலையில் வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் இடையே கத்தரியை 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும்.

சேம்புக்கு வருவோம். 20, 30 கிராம் எடையுள்ள பக்கக்கிழங்கு, முளை மேலே பார்க்க, 5 சென்டிமீட்டர் ஆழம், செடிக்குச் செடி 45, வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர். அரை நிழலிலும் வளரும், கிழங்கு மட்டும் சிறுத்துப்போகும். ஈரம் குறையவே கூடாது. ஆனால் தேங்கிச் சூடான தண்ணீர் ஆகாது, பித்தியம் என்ற கிருமியால் வரும் அழுகல் கிழங்கை அடியிலிருந்து தின்றுவிடும். ஓடுகிற தண்ணீர் என்றால் செடி அதில் நிற்கலாம். பொட்டாஷில் கஞ்சத்தனம் வேண்டாம். இரண்டாம் மாதமும் நாலாம் மாதமும் மண் அணைத்தால் பக்கக்கிழங்கு பெருக்கும். பக்கக்கிழங்கு நிறைய விடும் வகைகள் ஆறேழு மாதத்தில் வரும். ஒற்றைத் தாய்க்கிழங்காகப் பருக்கும் வகைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம்வரை ஆகலாம்.

விடியற்காலையில் சேம்பிலையின் நுனியைப் பாருங்கள். பனியே இல்லாத நாளிலும் ஒரு துளி திரண்டு, கனத்து, விழும். கொஞ்ச நேரத்தில் அடுத்தது. வேர் உறிஞ்சியதில் மிச்சத்தை இலை அப்படி வெளியே தள்ளுகிறது. மேலே விழுகிற மழையோ ஒட்டாமல் பாதரசம்போல உருண்டோடும். அப்படியும் கருகல் வரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1993இல் பசிபிக் தீவு நாடான சமோவாவில் பைட்டாப்தோரா என்ற கிருமியால் வரும் இலைக்கருகல் நுழைந்து, அந்த நாட்டின் சேம்பு ஏற்றுமதியையே முடக்கிப் போட்டது. வீட்டில் பத்துச் செடி என்றால் புள்ளி விழுந்த இலையை அன்றே நறுக்கி எறிந்து சமாளிக்கலாம். பெரிய மரத்தில் அந்த வேலை நடக்குமா?

பயன் என்று பார்த்தால் கிராப் ஆப்பிள் பின்தங்கிவிடவில்லை. நீண்ட நாள் பூப்பதால் பக்கத்து ஆப்பிள் மரங்களுக்கு மகரந்தம் கொடுக்கும். காயில் உறையவைக்கும் பெக்டின் அதிகம் என்பதால் ஜெல்லி உறையத் தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம். பழத்தைப் பாதியாக வெட்டி, மூழ்கத் தண்ணீர் விட்டு 20, 25 நிமிடம் மெல்லக் கொதிக்க வைத்து, துணியில் தொங்கவிட்டு வடியுங்கள். பிழிந்தால் கலங்கிவிடும். லிட்டர் சாறுக்கு 750 கிராம் சர்க்கரை, 104, 105 டிகிரியில் இறக்கினால் கண்ணாடிபோல் உறையும்.

சேம்பில் தொந்தரவு காறல்தான். ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் உண்டு. கை நனையாமல், உறை போட்டுக்கொண்டு தோல் சீவுங்கள். இலையை முக்கால் மணி நேரமாவது வேகவிட வேண்டும். அரைவேக்காட்டை ருசி பார்த்தவருக்குத் தொண்டையே பாடம் சொல்லிவிடும்.

இரண்டையும் ஒரே இடத்தில், மரத்தடியில் சேம்பாக வைக்கலாமே என்பார்கள். வேண்டாம். சேம்புக்கு விடும் தண்ணீரில் ஆப்பிள் வேர் அழுகும், கிழங்கு தோண்டும் மண்வெட்டி வேரைக் கிழிக்கும்.

அதனால் நண்பருக்கு என் பதில்: சேம்பு போடுங்கள். ஜெல்லியும் மகரந்தமும் இருக்கட்டும். கிராப் ஆப்பிள் பூக்கிற நாளில் கேட்டிருந்தால் மாற்றிச் சொல்லியிருப்பேன், இப்போது என் மரத்தடி முழுக்கப் புள்ளி இலை.