பின்னால் எரிவது யார் கண்ணுக்கு? நான்கு போர் விமான சிமுலேட்டர்களின் நெருப்பும் புகையும்

போர் விமான சிமுலேட்டர் ஆடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எங்கே தொடங்கினாலும் ஆஃப்டர்பர்னரில் வந்து நிற்கும். ஜெட் எஞ்சினின் வாலில் கூடுதல் எரிபொருளை எரித்துத் தள்ளலைக் கூட்டும் அமைப்பு அது, சுருக்கமாகப் பர்னர். எதில் நெருப்பு நிஜம் மாதிரி இருக்கிறது? டி.சி.எஸ். வேர்ல்டா, வார் தண்டரா? ஐ.எல்-2 ஆடுகிறவர் ஒருவர் இருந்தால் பர்னரே இல்லாத தன் விமானத்தின் புகைபோக்கியைப் பற்றிப் பெருமை பேசுவார். ஃபால்கன் பி.எம்.எஸ். ஆள் சிரித்துவிட்டுப் பேசாமல் இருப்பார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஜெட் விமானத்தில் காக்பிட்டில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் வால் நெருப்பு தெரியாது. நாசில், அதாவது எஞ்சின் வாயு வெளியேறும் வாய், அவருக்குப் பல மீட்டர் பின்னால் இருக்கிறது. பர்னர் பற்றியதை அவர் முதுகில் விழும் தள்ளலிலும், நாசில் முள்ளிலும், விறுவிறுவென்று இறங்கும் எரிபொருள் எண்ணிலும்தான் அறிகிறார். அதனால் நெருப்பு நன்றாக இருக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால் அது யார் பார்ப்பதற்காக வரையப்பட்டது என்று கேட்க வேண்டும். நான்கு விளையாட்டுகளும் பிரிகிற இடம் அதுதான்.

சரி, முதலில் அளவுகோல். நிஜத்தில் என்ன தெரிகிறது?

பர்னர் போடாத ஜெட்டின் பின்னால் நெருப்பே கிடையாது. நாசிலுக்குப் பின்னால் கோடைகாலத் தார்ச்சாலையில் தெரிவது மாதிரி கானல் அலையும், அவ்வளவுதான். பர்னர் போட்டாலும் உச்சி வெயிலில் வெளிறிய ஆரஞ்சும் நீலமுமாக ஒரு சாயல்தான் தெரியும். நாம் சுவரொட்டிகளில் பார்க்கும் நீண்ட தழல் எல்லாம் அந்தி வேளையிலோ இரவிலோ எடுத்த படங்கள். அந்தத் தழலுக்குள் மணி கோத்தது போல வரிசையாகத் தெரியும் வைரங்கள் அலங்காரம் இல்லை. ஒலியை விட வேகமாக வெளியேறும் வாயுவின் அழுத்தமும் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமும் ஒத்துப்போகாதபோது அந்த வாயு சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்குகிறது. அமுங்குகிற இடமெல்லாம் சூடேறிப் பிரகாசிக்கிறது. மேலே போகப் போக வெளிக்காற்றின் அழுத்தம் குறையும். அதனால் வைரங்களுக்கு இடையிலான தூரம் நீளும், தழலும் உப்பும். ஓடுபாதையில் ஒரு மாதிரி, 30,000 அடியில் வேறு மாதிரி. இதை ஒரு விளையாட்டு காட்டுகிறதா என்று பார்த்தாலே அதை வரைந்தவர்கள் இயற்பியல் பக்கமா, போட்டோ பக்கமா என்று தெரிந்துவிடும்.

அப்புறம் புகை. எனக்கு நெருப்பை விட இதுதான் முக்கியம். வியட்நாம் போர்க்கால அமெரிக்கப் போர் விமானமான ஃபேண்டமின் ஜே-79 எஞ்சின் கரும்புகை கக்குவதில் பேர்போனது. விமானம் கண்ணில் படுவதற்கு முன்பே வானத்தில் கோடு தெரிந்துவிடும். பர்னரைச் சும்மா தொட்டாற்போல் போட்டால் அந்தப் புகை மறைந்துவிடும், ஏனென்றால் எரியாமல் வரும் கரித்துகள் அங்கே எரிந்துபோகிறது. எரிபொருள் செலவானாலும் பரவாயில்லை, இருக்கும் இடம் தெரியக்கூடாது என்று விமானிகள் அப்படிச் செய்தார்கள். மிக்-29இன் ஆர்.டி-33 எஞ்சினுக்கும் இதே வியாதி. பின்னால் வந்த ஆர்.டி-33 எம்.கே. வகையில்தான் புகை அடங்கியது. இந்தியக் கடற்படையின் மிக்-29கே விமானங்களில் இருப்பது அதுதான்.

இப்போது விளையாட்டுகளுக்கு வருவோம்.

டி.சி.எஸ்.: இரவுக்குச் சொந்தக்காரன்

ஈகிள் டைனமிக்ஸின் டி.சி.எஸ்.ஸில் பர்னரின் அழகு ஒவ்வொரு விமானத்துக்கும் ஒவ்வொரு மாதிரி. மாட்யூல்களை, அதாவது தனித்தனி விமானத் தொகுப்புகளை, வெவ்வேறு நிறுவனங்கள் செய்கின்றன என்பதால் ஒரே வானத்தில் இரண்டு கைகளின் ஓவியம். ஹீட்பிளர் என்ற நிறுவனம் 2019இல் கொண்டுவந்த எஃப்-14ஐ அந்தியில் விமானந்தாங்கிக் கப்பலில் நிறுத்தி, பின்னால் தடுப்புப் பலகை எழும்ப, முழு பர்னர் போட்டுப் பாருங்கள். இந்த வகை விளையாட்டுகளில் நான் பார்த்த மிக அழகான ஒரு நிமிடம் அது. தழலின் நீளம் த்ராட்டிலோடு (எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் பிடி) சேர்ந்து வளர்கிறது, இரண்டு நாசில்களும் மூச்சு விடுவது போல அசைகின்றன.

கானல் அலைக்கு இதில் தனியாக ஒரு அமைப்பு உண்டு. அணைத்து வைக்கலாம், குறைவாக வைக்கலாம், அதிகமாக வைக்கலாம். அதன் பெயரே ஹீட் பிளர். மேலே சொன்ன நிறுவனத்தின் பெயரும் அதுவேதான் என்பது புதிதாக வருகிறவர்களைக் குழப்பும். அதிகம் என்று வைத்தால் ஓடுபாதையில் முன்னால் நிற்கும் விமானத்தின் பின்னால் தரையே நெளிகிறது. என் கணக்கில் பகலில் பர்னர் தழலை விட இந்த நெளிவுதான் நம்ப வைக்கிறது.

டி.சி.எஸ்.ஸின் எஃப்-18 ஹார்னெட்டில் இருப்பது எஃப்-404 எஞ்சின். கோவைக்குப் பக்கத்தில் சூலூரில் இருந்து பறக்கும் தேஜஸ் விமானத்தில் இருப்பதும் அதே குடும்பத்து எஞ்சின்தான். அந்தப் பக்கம் இருப்பவர்கள் திரையில் பார்ப்பதையும் தலைக்கு மேல் பார்ப்பதையும் ஒப்பிட்டுக்கொள்ளலாம். பகலில் நிஜ தேஜஸின் பின்னால் எவ்வளவு குறைவாகத் தெரிகிறது என்று கவனித்த பிறகு விளையாட்டின் தழலைப் பார்த்தால், பல மாட்யூல்களில் அது நண்பகலுக்குக் கொஞ்சம் அதிகம் என்றே படும். என் குறை இது ஒன்றுதான்: டி.சி.எஸ். இரவில் உண்மை பேசுகிறது, பகலில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறது.

எதிரியின் கண்ணுக்கு? மிக்-29, ஃபேண்டம் ஆகியவற்றின் கரும்புகை இதில் உண்டு, நெருங்கிச் சண்டை போடும்போது அது உதவும். ஆனால் ஏவுகணையின் கண் வேறு. மாட் செய்கிறவர்கள், அதாவது விளையாட்டைத் தாங்களே மாற்றியமைக்கும் ரசிகர்கள், புரட்டும் விமான விவரக் கோப்புகளில் வெப்ப வெளியீட்டுக்கு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பர்னர் இல்லாதபோது, மற்றது பர்னரோடு. பர்னர் போடாத சுகோய்-27ஐ ஒன்று என்று வைத்துக்கொண்டு மற்ற விமானங்களை அதோடு ஒப்பிட்டு எழுதியிருப்பார்கள். தஞ்சாவூரில் இருக்கும் சுகோய்-30 எம்.கே.ஐ. அந்த வீட்டுப் பிள்ளைதான். இதில் கவனிக்க வேண்டியது, திரையில் வரையப்படும் நெருப்பும் ஏவுகணை படிக்கும் எண்ணும் வேறு வேறு இடத்தில் இருக்கின்றன. கானல் அலையை அணைத்துவிட்டால் கண்ணுக்குத்தான் மறையும், ஏவுகணைக்கு மறையாது.

ஐ.எல்-2: புகைபோக்கி பேசும் விளையாட்டு

2014இல் ஸ்டாலின்கிராட் போரோடு வந்து கிரேட் பேட்டில்ஸ் என்று விரிந்த ஐ.எல்-2 வரிசையில் நிலைமை தலைகீழ். உலகப் போர்க்காலச் சுழலி விமானத்தில் எஞ்சின் மூக்கில் இருக்கிறது, புகைபோக்கிகள் கண்ணுக்கு நேர் முன்னால் இருக்கின்றன. இங்கே அந்த நெருப்பு விமானிக்கே தெரிகிறது. தெரிவதோடு செய்தியும் சொல்கிறது.

சமையலறையில் கேஸ் அடுப்பைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நீலமாக எரிந்தால் காற்றும் வாயுவும் சரியாகக் கலக்கின்றன. மஞ்சளாக எரிந்தால் பாத்திரத்தின் அடி கரி பிடிக்கும். பிஸ்டன் எஞ்சினும் அப்படித்தான். கலவையில் எரிபொருள் கூடினால் சுடர் சிவந்து மஞ்சளாகும், கரும்புகை வரும். அளவாக இருந்தால் குட்டையான நீலச் சுடர். யாக்-1 போன்ற சோவியத் விமானங்களில் மூன்று நான்கு கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் கலவையைக் கையாலேயே குறைக்க வேண்டும். மறந்துவிட்டால் புகைபோக்கியிலிருந்து கொல்லிமலை ஏறும் பழைய லாரி மாதிரி கரும்புகை வந்துகொண்டிருக்கும். புதியவர்களுக்கு நான் சொல்வது: முள்ளைப் பார்க்காதே, புகையைப் பார்த்துக்கொண்டே லீவரைக் கொஞ்சம் கொஞ்சமாக இழு, புகை நின்ற இடத்தில் நிறுத்து. ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் இந்த வேலையெல்லாம் தானாக நடந்துவிடும், அதனால் அந்தப் பக்கம் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சுகம் தெரியாது.

இன்னொரு நுணுக்கம். பிரிட்டிஷ் விமானமான ஸ்பிட்ஃபயரின் மெர்லின் நிமிர்ந்த வி வடிவ எஞ்சின், அதனால் புகைபோக்கிகள் மூக்கின் மேல்பக்கம் இருக்கும். 1940இல் இரவில் குண்டுவீச்சு விமானங்களைத் தேடிப் போனபோது அந்தச் சுடரே விமானியின் கண்ணைக் கூசச் செய்தது. அதே எஞ்சின் கொண்ட ஹரிகேன் விமானங்களில் புகைபோக்கிக்கும் காக்பிட்டுக்கும் இடையே மறைப்புத் தகடு பொருத்தினார்கள். 109இன் எஞ்சினோ தலைகீழ் வி, புகைபோக்கிகள் கீழே இருக்கும். இரண்டு விமானங்களிலும் அந்தியில் ஏறி உட்கார்ந்து பாருங்கள். ஸ்பிட்ஃபயரில் மூக்கின் இரு பக்கமும் சுடர் துடிப்பது கண்ணில் விழுந்துகொண்டே இருக்கும், 109இல் இருட்டு நிம்மதியாக இருக்கும். வரைந்தவர் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று ஒழுங்காக வைத்தாலே வரலாறு தானாக வந்துவிடுகிறது. அமெரிக்காவின் பி-47 இதற்கு நேர் எதிர். அதன் எஞ்சின் புகை குழாய் வழியாக விமானியின் பின்னால் இருக்கும் டர்போவுக்கு (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தரும் கருவி) போகிறது, ஆகவே மூக்கில் அந்தச் சுடர் வரிசையைத் தேடாதீர்கள்.

டி.சி.எஸ்.ஸிலும் ஸ்பிட்ஃபயர், பி-51 எல்லாம் இருக்கின்றன, எஞ்சின் கணக்கிலும் எந்தக் குறையும் இல்லை. ஆனால் புகையைப் பார்த்து எஞ்சினை ஓட்டும் பழக்கம் எனக்கு ஐ.எல்-2இல்தான் வந்தது. பிஸ்டன் என்றால் என் ஓட்டு அதற்கே.

வார் தண்டர்: வாலுக்குப் பின்னால் நிற்பவருக்கு

கைஜினின் வார் தண்டரை சிமுலேட்டர் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இருக்கட்டும். அதில் பெரும்பாலோர் ஆடும் ஆர்கேட், ரியலிஸ்டிக் முறைகளில் கேமரா விமானத்துக்குப் பின்னால் நிற்கிறது. ஒரு மணி நேரம் ஆடினால் ஒரு மணி நேரமும் பார்ப்பது நாசிலைத்தான்! அதனால் அங்கே காசு செலவழித்திருக்கிறார்கள், அது தெரிகிறது. வைரங்கள் பளிச்சென்று இருக்கின்றன, தழலின் விளிம்பு மென்மையாகக் கரைகிறது, சாதாரண கணினியிலும் ஓடுகிறது. டி.சி.எஸ்.ஸை ஓட்டத் திணறும் கணினி வைத்திருப்பவர் இதில் வயிறார ரசிக்கலாம்.

நெருப்பு இங்கே ஆட்டத்தின் பகுதியும்கூட. பர்னர் எரியும்போது வெப்பம் தேடும் ஏவுகணைகள் தொலைவிலிருந்தே பிடித்துக்கொள்ளும். 'பர்னரை அணை, ஃப்ளேர் (ஏவுகணையை ஏமாற்றும் தீப்பொறி) விடு, திரும்பு' என்பது எல்லாரும் சொல்லித் தரும் பாடம். பின்னால் கேமரா இருப்பதால் அணைந்ததா என்று கண்ணால் உறுதி செய்துகொள்ளலாம். நிஜ விமானிக்கு இல்லாத வசதி. சிமுலேட்டர் முறைக்கு மாறினால் காக்பிட்டுக்குள் அடைத்துவிடுவார்கள், அவ்வளவு உழைப்பும் முதுகுக்குப் பின்னால் போய்விடும்.

பி.எம்.எஸ்.: படம் சுமார், செய்தி தாராளம்

1998இல் வந்த ஃபால்கன் 4.0இன் மேல் ரசிகர்கள் கட்டியது பி.எம்.எஸ். 4.37 பதிப்பில் டைரக்ட்எக்ஸ் 11 என்ற புதிய படம் வரையும் முறைக்கு மாறிய பிறகு பார்வைக்குத் தேறிவிட்டது, ஆனால் பர்னர் படத்துக்காக யாரும் இதை நிறுவப்போவதில்லை. எஃப்-16இன் பின்னால் ஒரு தழல் இருக்கும், கடமைக்கு.

ஆனால் புறப்படும் முன் தரும் விவரத்தில் வானிலைப் பகுதியைப் படித்துப் பாருங்கள். எந்த உயரத்தில் வெண்கோடு விழும் என்று எழுதியிருக்கும். எஞ்சினிலிருந்து வரும் நீராவி கடுங்குளிரில், பெரும்பாலும் மைனஸ் 40 டிகிரிக்கும் கீழே, பனித்துகளாகி வாலாக நீள்வதுதான் அந்தக் கோடு. அதற்குள் பறந்தால் நாற்பது மைல் தள்ளி இருப்பவனுக்கும் நீங்கள் இருக்கும் இடம் தெரியும். ஆகவே பி.எம்.எஸ். ஆடுகிறவர்கள் அந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழேயோ மேலேயோ பாதையைப் போடுகிறார்கள். பர்னர் தழலைப் பிரமாதமாக வரைந்துவிட்டு இந்தச் செய்தியைச் சொல்லாமல் விடும் விளையாட்டை விட, சுமாராக வரைந்து இதைச் சொல்லும் விளையாட்டு எனக்குப் பெரிதாகப்படுகிறது. என்னோடு ஆடும் நண்பர்களில் பாதிப் பேர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

கணினி தாங்குமா?

புகை, தழல் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஒளி ஊடுருவும் தாள்கள். தூரத்தில் இருந்தால் செலவில்லை. முன்னால் போகிறவருக்குப் பின்னால் ஒட்டிப் பறக்கும்போது அத்தனை தாள்களும் திரையை நிரப்பும், ஃபிரேம் சரியும். வி.ஆர். கண்ணாடி மாட்டினால் இரண்டு கண்ணுக்கும் இரண்டு தடவை வரைய வேண்டும். அதில் இன்னொரு தொல்லையும் உண்டு. தட்டைப் படங்களால் செய்த புகை, தலையைச் சாய்த்தால் தானும் சேர்ந்து சாயும். ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் கண்ணில் அதுவே உறுத்திக்கொண்டிருக்கும். கானல் அலையோ ஏற்கெனவே வரைந்த படத்தைப் பிடித்து நெளிப்பது, ஆகவே பெரிய திரையில் அதற்கும் விலை உண்டு. என் பழைய கிராபிக்ஸ் கார்டில் கானலைக் குறைவு என்று வைத்துத்தான் ஓட்டுகிறேன். நிழல்களின் தரத்தை ஒரு படி இறக்கிவிட்டுக் கானலைக் காப்பாற்றினேன்.

நீங்களே சோதிக்க நினைத்தால் அந்திப் படங்களை நம்ப வேண்டாம். நேரத்தைப் பகல் 12 மணி என்று வையுங்கள். எஃப்-16ஐ எடுங்கள். நிஜத்தில் அதன் எஞ்சின் பர்னர் இல்லாமல் சுமார் 17,000 பவுண்டு தள்ளும், முழு பர்னரில் 29,000ஐத் தாண்டும். கடல் மட்டத்தில் பர்னர் போட்டு வெளிப்பார்வைக்கு மாறி, வைரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். அப்படியே 30,000 அடிக்கு ஏறி மறுபடி பாருங்கள். பிறகு பர்னரைக் குறைத்துக் குறைத்து, தழல் படிப்படியாகச் சுருங்குகிறதா, விளக்கை அணைத்தது போல ஒரேயடியாகப் போகிறதா என்று கவனியுங்கள். ஐ.எல்-2இல் யாக்கை எடுத்து ஐந்து கிலோமீட்டரில் கலவை லீவரை முழுக்க முன்னால் தள்ளுங்கள். பின்னால் நண்பர் ஒருவரைப் பறக்கச் சொல்லி, உங்கள் கோடு அவருக்கு எவ்வளவு தூரத்திலிருந்து தெரிகிறது என்று கேளுங்கள்.