பத்மினி டேங்க்குக்கு உள்பூச்சு: ஆறு வருஷ அனுபவம்

அப்பச்சி 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி இன்னும் கானாடுகாத்தான் வீட்டில்தான் நிற்கிறது. நான் காரைக்குடியில் குடியிருக்கிறேன். படைப்பு, கல்யாணம், பிள்ளையார் நோன்பு என்று பூட்டின வீட்டைத் திறக்கும்போதுதான் வண்டியும் வெளியே வரும். மற்ற மாதமெல்லாம் கால் டேங்க் பெட்ரோலோடு கொட்டகையில் கிடக்கும். மிச்ச முக்கால் டேங்கும் காற்றுதான். ராத்திரி குளிர்ந்ததும் அந்தக் காற்றிலுள்ள ஈரம் தகரத்தில் வியர்த்து அடியில் இறங்கிவிடும். ஓடுகிற வண்டியைவிட நிற்கிற வண்டிக்குத்தான் டேங்க் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

துரு அடைத்து மாதம் ஒரு ஃபில்டர் மாற்றி அலுத்துப்போய், துருவைத் தடுக்க 2016-இல் முதல் தடவை டேங்க்கின் உள்பக்கம் பூசினோம். ஒரே டப்பாவில் வருகிற மருந்து, எதையும் கலக்க வேண்டாம். ஒர்க்‌ஷாப்பில் ஆசிட் விட்டுக் குலுக்கி, தண்ணீரில் அலசி, அன்றைக்குச் சாயங்காலமே ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. குன்றக்குடி போகிற வழியில் வண்டி இழுத்து இழுத்து நின்றது. ஃபில்டரைக் கழற்றினால் பாலாடை மாதிரி ஒரு தோல் சுருண்டு கிடந்தது. திருப்பிப் பார்த்தேன்: மேல்பக்கம் வழவழப்பு, அடிப்பக்கம் முழுக்கச் செம்மண் நிறத்தில் துரு. பூச்சு தகரத்தைப் பிடிக்கவே இல்லை, துருவைத்தான் பிடித்திருந்தது. துரு உதிர்ந்ததும் அதுவும் கூடவே வந்துவிட்டது.

2019-இல் எனக்குத் தெரிந்த பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் கூட இருந்து வழி சொல்ல, நானே இறங்கினேன். “தம்பி, உள்ள ஈரம் இருந்தா எந்த மருந்தும் ஒட்டாது. பூசுறது அரை நாள் வேலை, அதுக்கு முந்தின வேலை ஒரு வாரம்” என்றார். அப்படியேதான் ஆனது.

பழைய தோலை அசிட்டோன் ஊற்றி ஊறவைத்து எடுக்கவே மூன்று நாள். அதை நன்றாக அலசிவிட்டு, ஒரு கைப்பிடி பழைய நட்டுகளை உள்ளே போட்டுக் குலுக்கியதில் பொருக்குத் துரு கொட்டியது. அப்புறம் 40 லிட்டர் தண்ணீருக்கு இரண்டு கிலோ சிட்ரிக் ஆசிட் கணக்கில் கரைத்து, வாய்வரை நிரப்பி இரண்டு நாள் வைத்தேன். கக்கூஸ் கழுவுகிற ஆசிட் வேகமாக அரிக்கும். ஆனால் நல்ல தகரத்தையும் தின்னும், கழுவி எடுத்த கையோடு மறுபடி துருவும் ஏறும். அதைத் தொடவே வேண்டாம். கடைசியில் சோடா உப்புக் கரைசலில் அலசி ஆசிட்டை முறித்தேன்.

டேங்க்கை இரண்டாம் கட்டில் இருட்டு அறைக்குள் கொண்டுபோய், பெட்ரோல் அளவு காட்டும் ஃப்ளோட் மாட்டும் ஓட்டை வழியாக டார்ச்சை உள்ளே விட்டேன். தகரம் இணையும் அடித் தையல் ஓரமாக ஏழு இடத்தில் ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம். அதுவரை துரு அடைத்து வைத்திருந்த ஓட்டைகள். வெல்டிங் வைத்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள். பெட்ரோல் இருந்த டேங்க் காலியானாலும் உள்ளே ஆவி நிற்கும்; ஒரு பொறி பட்டால் வெடித்துவிடும். நான் வெளிப்பக்கம் எபாக்சிப் பசை வைத்து அடைத்தேன்.

எங்கள் ஊர் வெயில் இந்த வேலைக்கு நண்பனும்தான், எதிரியும்தான். ஈரத்தை இழுக்க ஸ்பிரிட் விட்டு அலசி, வளவில் மூன்று நாள் சித்திரை வெயிலில் போட்டதில் தையல் இடுக்குவரை காய்ந்தது. ஆனால் ஹார்டனர் கலக்கும் இரண்டு டப்பா எபாக்சி மருந்து சூட்டில் மளமளவென்று இறுகிவிடும். அதனால் விடியற்காலை ஐந்தரைக்குக் கலந்து ஊற்றி, டேங்க்கை ஒவ்வொரு பக்கமாகப் படுக்கவைத்துப் புரட்டினேன். மிச்ச மருந்தைக் கட்டாயம் வடித்துவிட வேண்டும். ஒரு மூலையில் குளமாகத் தேங்கவிடக் கூடாது. பெட்ரோல் உறிஞ்சும் குழாயிலும் காற்றுக் குழாயிலும் மருந்து அடைக்காமல் இருக்க சைக்கிள் பம்பால் ஊதிக்கொண்டே இருந்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் பெட்ரோல். செலவு எல்லாம் சேர்த்து 7,000 ரூபாய்க்குள்.

ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. 2023-இலிருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வர ஆரம்பித்தபோது பயந்தேன். எத்தனால் தண்ணீரை இழுக்கும், பழைய வகைப் பூச்சுகளைக் கரைத்தும்விடும். இந்த எபாக்சிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. பெட்ரோல் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வும் ரப்பர் ஹோஸ்களும்தான் ஊறிப்போய் மாற்ற வேண்டியதாயிற்று. டேங்க்கைப் பூசினதால் அவை தப்பிக்காது, தனியாகப் பார்க்க வேண்டும். குறை என்றால் இரண்டு. பெட்ரோல் ஊற்றும் கழுத்துக்குக் கீழே ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு கொப்புளம், நாலாவது வருஷம் வந்தது, இன்னும் பரவவில்லை. இன்னொன்று, இனி அந்த டேங்க்கில் ஈயப்பற்று வைக்க முடியாது, சூடு பட்டால் பூச்சு கருகிவிடும்.

வருஷம் ஒரு முறை ஃப்ளோட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்க்கிறேன். போன மாதம் பார்த்தபோதும் அடித்தளம் பீங்கான் தட்டு மாதிரிதான் இருந்தது. வீட்டைப் பூட்டுவதற்கு முன்னால் டேங்க்கை முழுக்க வடித்து என் ஸ்கூட்டரில் ஊற்றிக்கொள்கிறேன்; உள்ளே பூச்சு இருப்பதால் காலியாகக் கிடந்தாலும் முன்போலத் துரு பயமில்லை; கால் டேங்க் வைத்துவிட்டுப் போகிற பழக்கத்தை விட்டுவிட்டோம்.