இண்டிபென்டென்ஸ் அருங்காட்சியகம்: தண்ணீர் போன கதை

கலிபோர்னியாவின் 395-ஆம் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இண்டிபென்டென்ஸ் ஊரில் காபி குடித்த கையோடு கிளம்பிவிடாதீர்கள். ஈஸ்டர்ன் கலிபோர்னியா மியூசியத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். கட்டணம் கிடையாது, விரும்பியதை நன்கொடையாகக் கொடுக்கலாம்.

மாடும் வயலுமாகப் பிழைத்த பள்ளத்தாக்கு இது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் இங்கே நிலத்தையும் அதோடு தண்ணீர் உரிமையையும் வாங்கி, 1913-இல் 233 மைல் நீளக் கால்வாயில் ஓவன்ஸ் ஆற்று நீரைக் கொண்டுபோனது. மோட்டார் வைத்து இறைக்கவில்லை. முழுக்கச் சரிவிலேயே ஓடும். பாசனத் துறையில் வேலை பார்த்த எனக்கு அந்த வேலைத்திறன் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் முற்றத்து வெயிலில் துருவேறி நிற்கும் பழைய பண்ணைக் கருவிகளைப் பார்த்ததும் மனசு கனத்துவிட்டது.

உள்ளே, இந்தப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான பையூட் மக்கள் முடைந்த கூடைகளை நிதானமாகப் பாருங்கள். பைன் பிசின் பூசித் தண்ணீர் ஒழுகாத கூடை செய்தவர்கள், வெள்ளையர் வருமுன்பே இங்கே வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்தவர்கள் அவர்கள்தான். முதலில் நீரை இழந்தவர்களும் அவர்களே.

அப்புறம், தெற்கே லோன் பைன் போகும் வழியில் அந்தக் கால்வாயின் அலபாமா மதகையும் பார்த்துவிடுங்கள். 1924 நவம்பரில், தண்ணீர் போவதை எதிர்த்துப் பள்ளத்தாக்கு மக்கள் திரண்டு அதைக் கைப்பற்றி, தண்ணீரைத் திருப்பிவிட்டு நான்கு நாள் அங்கேயே உட்கார்ந்தார்கள். சாலையை ஒட்டியே இருக்கிறது.