ஃபில்லர் ஊசி போடும் முன் சிரிஞ்சின் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

முகத்தில் ஃபில்லரோ (கோடுகளையும் குழிகளையும் நிரப்பத் தோலுக்கடியில் செலுத்தும் ஜெல்) போடோக்ஸோ போட்டுக்கொள்ள அட்வான்ஸ் கட்டப் போகிறவர்கள் இதை முழுக்கப் படித்துவிட்டுப் போங்கள். கோவையில் ஒரு ஸ்கின் கிளினிக்கில் எனக்கு நடந்ததை எழுதுகிறேன். புகார் விசாரணையில் இருப்பதால் கிளினிக்கின் பெயரை இப்போது சொல்ல முடியாது.

மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை இறங்கும் கோட்டை ஃபில்லர் வைத்து நிரப்புவதாகப் பேச்சு. மற்ற இடங்களில் சொன்னதில் கிட்டத்தட்ட பாதி விலை, தீபாவளி ஆஃபர் என்றார்கள். ரிசப்ஷனில் இருந்த பெண்ணிலிருந்து உள்ளே டிரே எடுத்து வந்த பையன் வரை எல்லோரும் ஊசி போட்டவரை “டாக்டர் மேடம்” என்றே கூப்பிட்டார்கள். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், சுவர் முழுக்கச் சான்றிதழ்கள் மாட்டியிருந்தன. அவர் எம்.பி.பி.எஸ். கூடப் படிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிய வந்தது. சுவரில் இருந்தவை அழகுக்கலைப் பயிற்சி வகுப்புகளில் கொடுத்தவை. போர்டில் பெயர் போட்டிருந்த டாக்டர் வேறொருவர். அவரை நான் அங்கே பார்க்கவே இல்லை.

சிரிஞ்ச் உறை பிரித்த நிலையிலேயே டிரேயில் வந்தது. என்ன கம்பெனி என்று கேட்டதற்கு “இம்போர்டட், கொரியன்” என்று மட்டும் பதில் வந்தது.

மருந்து உள்ளே போகும்போதே மேலுதட்டுக்கு மேல் கடுமையான வலி. தோல் சுண்ணாம்பு தடவியது மாதிரி வெளிறிப்போனது. “நார்மல்தான் மேடம், ஐஸ் வைங்க, நாளைக்குச் சரியாயிடும்” என்று அனுப்பிவிட்டார்கள். ராத்திரி பார்த்தால் மூக்கின் பக்கத்திலிருந்து உதடு வரை ஊதா நிறத்தில் வலை வலையாகத் தடம். போட்டோ எடுத்து அனுப்பினேன். ரத்தக்கட்டுதான், பயப்பட வேண்டாம் என்று வாய்ஸ் மெசேஜ் வந்தது.

காலையில் என் தங்கை என்னை ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் அந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். நல்ல தோலில் அப்படி அழுத்தினால் வெளுத்து, ஓரிரு நொடியில் பழைய நிறம் திரும்பிவிடும். எனக்குத் திரும்பவில்லை, மெல்ல மெல்லத்தான் ஊறி வந்தது. ஜெல் ரத்தக்குழாயை அடைத்திருக்கிறது என்றார். ரத்தம் போகாத தோல் அழுகிவிடும். முகத்து ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு இணைந்திருப்பதால், ஜெல் அந்தப் பக்கம் தள்ளப்பட்டால் பார்வையே போகலாம். மூக்கும் இரு புருவங்களுக்கு நடுவிலுள்ள இடமும் இதில் மிக ஆபத்தானவை. கண் விஷயத்தில் கையில் இருப்பது நிமிடங்கள்தான். அப்புறம், அடைப்பு இருக்கும்போது ஐஸ் வைத்தால் குழாய் இன்னும் சுருங்கும் என்றும் சொன்னார். கிளினிக்கில் சொன்னபடி நான் ராத்திரி முழுக்க வைத்திருந்தேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, போட்டது என்ன ஃபில்லர் என்பது. ஹையலூரானிக் ஆசிட் ஜெல் என்றால் ஹையலூரானிடேஸ் என்ற மருந்தைச் செலுத்திக் கரைக்கலாம். சிலிக்கான் என்றால் கரைக்க வழியே இல்லை. டாக்டரே கிளினிக்குக்குப் போன் போட்டுக் கேட்டும் அவர்கள் பெயரைச் சொல்லவில்லை. ஹையலூரானிடேஸ் போட்டீர்களா என்றதற்கு, “அது எங்ககிட்ட ஸ்டாக் இல்லை” என்றார்கள். எனக்கு இன்றைக்கும் ஆறாத கோபம் இதில்தான். அது அபூர்வமான மருந்து கிடையாது. கண்புரை ஆபரேஷனுக்கு முன் கண்ணை மரக்கவைக்கும் ஊசியில், மருந்து நன்றாகப் பரவுவதற்காக இதைக் கலந்து போடுவது நம் ஊர்க் கண் ஆஸ்பத்திரிகளில் சாதாரண வழக்கம். ஃபில்லர் ஊசியைக் கையில் எடுக்கிறவர், அது தவறிப்போனால் கரைக்கும் மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இன்னொருவர் முகத்தைத் தொடவே கூடாது.

வேறு வழியில்லாமல், ஹையலூரானிக் ஆசிட்டாகத்தான் இருக்கும் என்று வைத்துக்கொண்டு டாக்டர் கரைக்கும் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டார். நல்ல வேளை, கரைந்தது. மூக்கோரத்தில் தோல் உரிந்து கருத்த தழும்பு நின்றுவிட்டது.

நீங்கள் போனால் முதலில் டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதை கிளினிக்கிலும் மருந்துச் சீட்டிலும் பில்லிலும் போட வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு விதி. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்தில் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். தோல் மருத்துவத்தில் எம்.டி. அல்லது டிப்ளமோ படித்தவரா, ஊசியைப் போடப்போவதும் அவரேதானா என்று நேராகவே கேளுங்கள். ஹையலூரானிடேஸ் இருக்கிறதா, காட்டுங்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். முகத்தைச் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

நல்ல ஃபில்லர் சீல் வைத்த பெட்டியில், சிரிஞ்சிலேயே நிரப்பி வரும். பெட்டிக்குள் பேட்ச் எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதை உரித்து உங்கள் கேஸ் ஷீட்டில் ஒட்டுவதற்காகவே வைத்திருப்பார்கள். உங்கள் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லி, ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஒரு ஸ்டிக்கர் இருந்திருந்தால் அவ்வளவு தடுமாற்றம் இருந்திருக்காது.

போடோக்ஸ் வேறு மருந்து. அது குழியை நிரப்பாது, தசையைத் தளர்த்தும். குப்பியில் பொடியாக வரும், 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும், சலைன் ஊற்றிக் கரைத்துத்தான் போடுவார்கள். ஆகவே எத்தனை யூனிட் போடுகிறார்கள் என்பதுதான் கணக்கு. யூனிட் சொல்லாமல் முகம் முழுக்க ஒரே ரேட் என்றால், எவ்வளவு தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. தவறான இடத்தில் போய்க் கண்ணிமை தொங்கினால் கரைக்க மருந்து கிடையாது, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான். கர்ப்பமாக இருப்பவர்களும் மயஸ்தீனியா போன்ற தசைப் பலவீன நோய் இருப்பவர்களும் இதன் பக்கமே போக வேண்டாம். அதே கிளினிக்கில் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நிறம் வெளுக்க குளுட்டதயோன் டிரிப் ஏறிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். பிலிப்பைன்ஸ் நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே இதற்கு எதிராக மக்களை எச்சரித்திருக்கிறது. அந்தப் பெண்ணிடம் அங்கே யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பில்லில் எனக்கு “ஸ்கின் கேர் பேக்கேஜ்” என்று மட்டும்தான் போட்டுக் கொடுத்தார்கள். மருந்தின் பெயர் இல்லாத பில்லை வாங்காதீர்கள். சிகிச்சைப் பதிவேடுகளை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது. நான் எழுத்தில் கேட்டேன், பதிலே வரவில்லை. மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். காசு வாங்கிக்கொண்டு செய்யும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டதால், நுகர்வோர் ஆணையத்துக்கும் போயிருக்கிறேன். சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் மனு போட வேண்டும். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் இல்லை. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். இதே மாதிரி எங்காவது பாதிக்கப்பட்டிருந்தால் வாட்ஸ்அப் உரையாடலையும் வாய்ஸ் மெசேஜையும் அழித்துவிடாதீர்கள். என் மனுவில் வலுவான சான்றாக இருப்பது அந்த “பயப்பட வேண்டாம்” வாய்ஸ் மெசேஜ்தான்.