க்ளாஷ் பாடல்களுக்குள் ஒரு நாக்-அவுட்: என் ஓட்டு எதற்கு, ஏன்?

ஒரு குழுவின் பாடல்களை இரண்டிரண்டாக மோதவிட்டு, ரசிகர்கள் ஓட்டில் தோற்றதை வெளியேற்றிக்கொண்டே போவது எளிமையான ஆட்டம்தான். 32 பாடல்களில் தொடங்கினால் 31 மோதல்கள், கடைசியில் ஒன்று மிஞ்சும். த க்ளாஷ் குழுவுக்கு இதை நடத்தினால் மட்டும் ஆட்டம் கடினமாகிவிடுகிறது. 1976-இல் லண்டனில் வேகமான கிட்டார், இரண்டு நிமிடப் பாட்டு, கத்தல் என்று தொடங்கிய பங்க் குழு அது. நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஜமைக்காவின் ரெகே, ஃபங்க், ராக்கபில்லி, ராப் என்று எல்லாவற்றையும் தொட்டுவிட்டார்கள். 1980 டிசம்பரில் வந்த 'சாண்டினிஸ்டா!' ஆல்பம் மட்டுமே மூன்று இசைத்தட்டுகள், 36 பாடல்கள். இதில் எதை எதற்கு எதிராக நிறுத்துவது?

இரண்டில் ஒன்றை மட்டும் தெரிந்தவர்கள் தெரிந்ததற்கே போடுவார்கள். இந்த மாதிரி ஓட்டெடுப்பின் பெரிய குறை அதுதான். அதனால் நான் வைத்துக்கொள்ளும் விதி ஒன்றே ஒன்று: ஓட்டுப் போடும் முன் இரண்டு பாடலையும் அடுத்தடுத்து முழுசாகக் கேட்க வேண்டும். ஜோடிகளும் ஏனோதானோ என்று அமையக்கூடாது, ஒன்றையொன்று கேள்வி கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். அப்படி நான் அமைத்த காலிறுதி ஜோடிகள் நான்கு. 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' எட்டுக்குள் வராதது எனக்கே வலிக்கிறது. தங்களைக் கேட்காமல் ஒரு பாடலை சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) வெளியிட்ட ரெக்கார்ட் கம்பெனியை, அதே கம்பெனி வெளியிட்ட அடுத்த சிங்கிளில் வறுத்தெடுத்த பாடல் அது.

முதல் ஜோடி: 'வைட் ரயட்' எதிர் 'வைட் மேன் இன் ஹாமர்ஸ்மித் பாலே'. இரண்டும் குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் என்ற ஒரே வெள்ளைக்காரர், கறுப்பின மக்கள் கூடிய இடத்தில் நின்று எழுதியவை. 1976 ஆகஸ்டில் லண்டனின் நாட்டிங் ஹில் கார்னிவலில் கறுப்பின இளைஞர்களுக்கும் போலீசுக்கும் மோதல் வெடித்தது. ஸ்ட்ரம்மரும் பேஸ் கிட்டாரிஸ்ட் பால் சிமனனும் அங்கே இருந்தார்கள். அவர்கள் எதிர்த்து நிற்கிறார்கள், நாம் ஏன் அடங்கிக் கிடக்கிறோம் என்ற கேள்வியிலிருந்து 'வைட் ரயட்' பிறந்தது. 1977 மார்ச்சில் அதுவே குழுவின் முதல் சிங்கிள். இரண்டே நிமிடம், மூச்சு விட இடமில்லை. பெயரை மட்டும் பார்த்து இனவெறிப் பாட்டு என்று தப்பாகப் புரிந்துகொண்டவர்களும் உண்டு.

1978 ஜூனில் வந்த இன்னொன்று, அந்தக் கேள்விக்கு அதே மனிதர் யோசித்து எழுதிய பதில். ஹாமர்ஸ்மித் பாலே என்ற அரங்கில் விடிய விடிய நடந்த ரெகே நிகழ்ச்சிக்கு அவர் போகிறார். போராட்டக் குரலை எதிர்பார்த்துப் போனவருக்குக் கிடைத்தது பளபளப்பான மேடை நிகழ்ச்சி. அங்கிருந்து பாடல் திரும்பித் தன் பக்கத்தையே பார்க்கிறது: வன்முறை எங்கே கொண்டுபோய் விடும், பணம் யாரிடம் இருக்கிறது, புதிதாக வரும் பங்க் குழுக்கள் கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு கலகத்தையே காசாக்குவது ஏன்? எல்லாம் நான்கு நிமிடத்துக்குள். 'வைட் ரயட்' இல்லாமல் இந்தப் பாடல் இல்லை, ஆனால் என் ஓட்டு தயக்கமில்லாமல் இரண்டாவதற்கே.

அடுத்த ஜோடியை நான் தேடிப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. 'ஷுட் ஐ ஸ்டே ஆர் ஷுட் ஐ கோ', 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' இரண்டும் 1982-இல் பிரிட்டனில் ஒரே சிங்கிளின் இரண்டு பக்கங்களாக, இரண்டுக்கும் சம அந்தஸ்தோடு வந்தவை. பிறகு இரண்டின் விதியும் வேறு வேறு திசையில் போனது. முதலாவது 1991-இல் ஒரு ஜீன்ஸ் விளம்பரத்தில் ஒலித்து, குழு கலைந்து ஐந்தாண்டு கழித்து, பிரிட்டன் சிங்கிள் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. க்ளாஷ் அங்கே முதலிடம் பிடித்தது அந்த ஒரு பாடலால்தான். கிட்டாரிஸ்ட் மிக் ஜோன்ஸ் பாடியது, நாலு வயசுக் குழந்தைக்கும் கால் ஆடும். ஓட்டெடுப்பு என்று வந்தால் இதைத் தோற்கடிப்பது கஷ்டம்.

ஆனால் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' கேளுங்கள். டாப்பர் ஹெடனின் டிரம்ஸில் பிரேசிலின் போசா நோவா இசையின் சாயல். ஒலிப்பதிவின்போது லெமனேட் பாட்டிலைத் துண்டில் சுற்றிக் கொடுத்து, பேஸ் டிரம்மின் முன்பக்கத்தில் தட்டச் சொன்னார்களாம், தட்டியவர் ஸ்ட்ரம்மர். அந்த மெத்தென்ற அடியின் மேல் கதைகள் ஒவ்வொன்றாக வருகின்றன. வட இங்கிலாந்தில் மூடிக்கிடக்கும் எஃகு ஆலைகள், மொழி சரியாகப் பேசவில்லை என்று ஒதுக்கப்படும் குடியேறிகள், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுப்போன குழந்தைகள். அப்பாவிடம் என்னையும் கூட்டிப்போ என்று கெஞ்சும் பிள்ளைக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதைக் கேட்டுவிட்டு எழுந்து ஆட முடியாது.

நமக்கு இதில் இன்னொரு நெருக்கமும் உண்டு. லண்டனில் பிறந்து, சிறுவயதில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, மறுபடி லண்டனுக்கே அகதியாகத் திரும்பியவர் மாயா அருள்பிரகாசம். எம்.ஐ.ஏ. என்ற பெயரில் அவர் 2007-இல் வெளியிட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' இந்தப் பாடலின் இசைத்துண்டின் மேல் கட்டியதுதான். குடியேறிகளுக்காக க்ளாஷ் போட்ட மெட்டை, குடியேறிய குடும்பத்துப் பெண்ணே எடுத்துத் தன் குரலில் பேசினார். ஒரு பாடலுக்கு இதைவிட நல்ல மறுபிறவி எனக்குத் தெரியாது. ஓட்டு 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'லுக்கு. எல்லா ஓட்டையும் எண்ணினால் மற்றதுதான் ஜெயிக்கும் என்று தெரிந்தே போடுகிறேன்.

மூன்றாவது, ஸ்ட்ரம்மர்-ஜோன்ஸ் நிழலில் இருந்த மற்ற இருவரின் மோதல். 'ராக் த காஸ்பா'வின் இசை டிரம்ஸ்காரர் ஹெடனுடையது. மற்றவர்கள் வருவதற்குள் டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் தானே வாசித்துப் பதிவு செய்துவிட்டார். 1982 மே மாதம் ஹெராயின் பழக்கத்தால் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பாடல் அமெரிக்காவில் எட்டாவது இடம்வரை ஏறியபோது அவர் குழுவில் இல்லை, வீடியோவில் டிரம்ஸ் வாசிப்பதும் வேறொருவர். 'த கன்ஸ் ஆஃப் பிரிக்ஸ்டன்' சிமனன் எழுதி அவரே பாடியது. குழுவில் சேர்ந்தபோது அவருக்கு பேஸ் வாசிக்கவே தெரியாது. அப்படிப்பட்டவர் போட்ட பேஸ் வரி, 1990-இல் வேறொரு குழுவின் பாடலுக்கு அடித்தளமாகி பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது. தென் லண்டனின் பிரிக்ஸ்டனில் 1981 ஏப்ரலில் கலவரம் வெடிப்பதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்பே அந்தப் பகுதியின் இறுக்கத்தை இந்தப் பாடல் சொல்லிவிட்டது. ஹெடனை நினைத்தால் மனசு கனக்கிறது, இருந்தாலும் சிமனனுக்கே போடுகிறேன். அந்த பேஸ் வரியை ஒருமுறை கேட்டால் நாள் முழுக்க விடாது.

நான்காவது, 1979 டிசம்பரில் வந்த 'லண்டன் காலிங்' ஆல்பத்தின் முதல் பாடலும் கடைசிப் பாடலும். 'டிரெய்ன் இன் வெய்ன்' கடைசி நேரத்தில் சேர்த்ததால் உறையில் பெயர்கூட அச்சாகவில்லை. அப்படி வந்த பாடல் அமெரிக்காவில் 23-ஆம் இடம் பிடித்தது. அழகான காதல் தோல்விப் பாட்டு. எதிரே நிற்பது ஆல்பத்தின் பெயரையே கொண்ட முதல் பாடல் 'லண்டன் காலிங்' என்பதால் அதன் பயணம் இங்கே முடிகிறது.

அரையிறுதியில் ஒரு பக்கம் 'லண்டன் காலிங்' பிரிக்ஸ்டனைச் சுலபமாகத் தாண்டிவிடும். மறுபக்கம் 'ஹாமர்ஸ்மித் பாலே'யும் 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்'லும் மோதுகின்றன. என்னைப் பொறுத்தவரை உண்மையான இறுதிப்போட்டி இதுதான். பட்டியல் போடுகிறவர் ஜோடிகளை வேறு மாதிரி அமைத்திருந்தால் இரண்டும் இவ்வளவு சீக்கிரம் சந்தித்திருக்காது. நாக்-அவுட்டில் பாதி முடிவு அந்த வரிசையிலேயே இருக்கிறது. முதலாவதை இரண்டாவது வெல்லும், இரண்டாவதை மூன்றாவது வெல்லும், மூன்றாவதை மறுபடி முதலாவது வெல்லும், இப்படி ரசிகர்களின் விருப்பம் வட்டமாகச் சுற்றுவதும் சாத்தியம். அப்போது கோப்பை யாருக்கு என்பது யார் யாரை முதலில் சந்தித்தார்கள் என்பதைப் பொறுத்தது.

சரி, என் தேர்வு? 'ஸ்ட்ரெய்ட் டு ஹெல்' உலகத்தையே சுற்றிப் பார்க்கிறது, ஆனால் பாடுகிறவர் வெளியே நின்று பார்க்கிறார். 'ஹாமர்ஸ்மித் பாலே'யில் அவர் கூட்டத்துக்கு நடுவே தான் பொருந்தாமல் நிற்பதை ஒளிக்காமல் சொல்கிறார். மயிரிழையில் ஹாமர்ஸ்மித்.

இறுதிப்போட்டியில் 'லண்டன் காலிங்'கைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்திருந்தது, தேம்ஸ் ஆறு பெருகி லண்டன் மூழ்கும் என்ற பயம் இருந்தது. இரண்டையும் சேர்த்து, போர்க்கால பிபிசி அறிவிப்பின் தொனியில் ஸ்ட்ரம்மர் எச்சரிக்கிறார். அணிவகுப்பு மாதிரி வெட்டிவெட்டி விழும் கிட்டார், கீழே உருளும் பேஸ், முடிவில் கிட்டாரிலேயே மோர்ஸ் தந்தி முறையில் அபாய அழைப்பு. முதல் நொடியிலேயே பிடித்து உட்கார வைக்கிற பாடல். பெரும்பாலான ஓட்டு இதற்குத்தான் போகும், அதில் அநியாயம் எதுவும் இல்லை.

என் ஓட்டு மட்டும் 'ஹாமர்ஸ்மித் பாலே'க்கு. 1978-இல் பங்க் ரசிகர்கள் எதிர்பார்த்தது இன்னொரு வேகமான பாட்டு. அவர்களுக்கு முன்னால் நிதானமான ரெகே தாளத்தை, ஹார்மோனிகாவோடு, வைக்கத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் பலித்ததால்தான் அடுத்த ஆண்டு 'லண்டன் காலிங்' ஆல்பம் அத்தனை வகை இசையையும் பயமில்லாமல் தொட முடிந்தது. ஒன்று மட்டும் இதற்குப் பாதகம்: பிரிட்டனில் இது எந்த ஸ்டுடியோ ஆல்பத்திலும் இல்லாத சிங்கிள், பட்டியலில் 32-ஆம் இடத்தோடு நின்றது. 1979-இல் முதல் ஆல்பத்தை அமெரிக்காவுக்காக மாற்றி வெளியிட்டபோதுதான் அதில் சேர்ந்தது. ஆல்பம் ஆல்பமாகக் கேட்டு வந்தவர்கள் இதைத் தாண்டிப் போயிருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஓட்டுப் போடுவதற்கு முன் அந்த நான்கு நிமிடத்தை ஒருமுறை கேட்டுவிடுங்கள்.