சினாட்ரா: கொலம்பியாவா, கேப்பிட்டலா?

அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ராவைப் புதிதாகக் கேட்கத் தொடங்குகிறவர்கள் குழம்பும் இடம் இது: கொலம்பியா, கேப்பிட்டல் என்ற இரண்டு இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அவர் பாடியவற்றில் எதைக் கேட்பது?

குரல்: கொலம்பியாவில் (1943-52) இளசு, வழவழப்பு. கேப்பிட்டலில் (1953 முதல்) லேசான கரகரப்பு. 1950இல் தொண்டையில் ரத்தம் கசிந்து மேடையிலேயே குரல் போன மனிதர் அல்லவா!

இசைக்கோப்பு: அங்கே ஆக்செல் ஸ்டார்டாலின் வயலின் மெத்தை. இங்கே பெரும்பாலும் நெல்சன் ரிடில். சினாட்ரா மூச்சு விடும் இடைவெளியில் ட்ரம்பெட் எட்டிப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

வடிவம்: அங்கே பெரும்பாலும் மூன்று நிமிட இசைத்தட்டு. இங்கே பல பாட்டுகள் சேர்ந்த முழு எல்பி இசைத்தட்டு. 1955இல் வந்த 'இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்' தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சோகம்; மனைவி ஏவா கார்ட்னரைப் பிரிந்திருந்த காலம் அது. ஒரு பாட்டோடு எழுந்திருக்க முடியாது.

ஒலித்தெளிவு: கேப்பிட்டல்தான், பேச்சே இல்லை.

வேலைக்கு நடுவே காதல் பாட்டு ஓடட்டும் என்றால் கொலம்பியா போதும். உட்கார்ந்து கேட்பவர்களுக்குக் கேப்பிட்டல். என் ஓட்டும் அதற்கே.