மலிவு விலையில் 43 இன்ச் '4கே டிவி' வாங்கப் போகிறீர்களா? ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போங்கள்

சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் பேர் தெரியாத பிராண்ட் டிவி வாங்கக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். 43 இன்ச், 4கே, ஸ்மார்ட், எல்லாம் சேர்த்து 15,500 ரூபாய் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

கடையில் யூடியூப்பில் ஒரு மீன் வீடியோவை ஓடவிட்டு, ஓரத்தில் 2160பி, அதாவது 4கே, என்று வருவதைக் காட்டினார்கள். கலர் கண்ணைப் பறித்தது. வீட்டில் மாட்டிய அன்றே, சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "பழைய டிவியே தெளிவா இருந்துச்சேடா" என்றார்.

கடைக்குப் போன் செய்தால், "உங்க கேபிள் சிக்னல் சரியில்ல சார், டிவில ஒண்ணும் இல்ல" என்று பதில். இதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். சாதாரண சேனலின் படம் 720×576 பிக்சல் (புள்ளிகள்) தான், பழைய PAL ஒளிபரப்பு முறைக் காலத்து அளவு. எச்டி சேனல் 1920×1080. 3840×2160 கேட்கும் 4கே எங்கள் கேபிளில் வருவதே இல்லை. போதாக்குறைக்கு, மாட்ட வந்த பையன் எச்டி பாக்ஸை மஞ்சள்-சிவப்பு-வெள்ளை ஒயரில் சொருகிவிட்டுப் போயிருந்தான். அதில் எச்டி போகவே போகாது. எச்டிஎம்ஐ கேபிளுக்கு மாற்றியதும் படம் கொஞ்சம் தேறியது.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. லேப்டாப்பை இணைத்து 3840×2160 வைத்தால் டிவி மறுக்காமல் வாங்கிக்கொள்கிறது, எழுத்துகள் மட்டும் கசங்கித் தெரிகின்றன. அப்புறம் மகளின் ஸ்கேலைத் திரைமேல் வைத்து, வெறும் வெள்ளைப் படத்தைப் போட்டு, போனில் ரொம்பக் கிட்டப் போய் ஒரு போட்டோ எடுத்தேன். பெரிதாக்கினால் சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் தனித்தனியாகத் தெரியும். மூன்றும் சேர்ந்தது ஒரு பிக்சல். 43 இன்ச் திரையின் அகலம் சுமார் 95 செ.மீ. நிஜமான 4கே என்றால் ஒரு சென்டிமீட்டருக்குள் சுமார் 40 பிக்சல் இருக்கவேண்டும், ஃபுல் எச்டிக்கு 20. என் டிவியில் 14. அதாவது 1366×768 பிக்சல் மட்டுமே உள்ள பேனல் (திரை), எச்டி ரெடி என்பார்களே, அதேதான். 4கே வீடியோவை உள்ளே வாங்கிச் சுருக்கிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கடையில் காட்டிய 2160பி யூடியூப் அனுப்பும் வீடியோவின் அளவு. பேனலைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

போட்டோவை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால், "பெட்டியில '4கே சப்போர்ட்'னுதானே சார் போட்டிருக்கு, 4கே பேனல்னு போடலையே" என்கிறார் முதலாளி. பில்லில் வெறும் '43 எல்இடி டிவி'. இன்னும் 4,000 ரூபாய் கொடுத்தால் 'ஒரிஜினல் 4கே' தருவாராம். நல்ல கதை.

பணம் கொடுக்கும் முன்பே பேனல் ரெசல்யூஷனைப் பில்லில் எண்ணாக எழுதி வாங்குங்கள், மழுப்பினால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள். டிவியின் பின்பக்கம் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கவேண்டும். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் ஆப்பில் போட்டால் தயாரித்தவர் யார் என்று வந்துவிடும். எனக்குக் கொடுத்த டிவியில் அந்த ஸ்டிக்கரே கிடையாது.

பில்லையும் ஸ்கேல் போட்டோவையும் வைத்து, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகப் புகார் பதிந்திருக்கிறேன். நான் கடைக்குப் போய் வந்தபின் போனையே எடுக்காமலிருந்த முதலாளி இப்போது, "பேசி முடிச்சுக்கலாம் சார்" என்று அவரே கூப்பிடுகிறார். முழுப் பணமும் வராமல் புகாரை வாபஸ் வாங்குவதாக இல்லை.